ஈயின் மூளையில் கட்டி வளர்த்து என்ன கண்டுபிடிப்பார்கள்? ஆராய்ச்சியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

பீன்யா சேகர்

வணக்கம். பெங்களூர் பீன்யாவில் சின்னதாக ஒரு டூல் ரூம் வைத்திருக்கிறேன். ஊர் ஆம்பூர் பக்கம், படிப்பு ஐடிஐ ஃபிட்டர். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் எம்.எஸ்சி. முடித்துவிட்டு நகரின் வடக்குப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் புராஜெக்ட் வேலையில் சேர்ந்திருக்கிறாள். என்னம்மா வேலை என்றால், "பழ ஈக்கு மூளைக்கட்டி வர வைக்கிறோம்ப்பா. அந்தக் கட்டி எதை எரிச்சு வளருதுன்னு பார்க்கிறோம்" என்கிறாள். வாழைத்தாரைச் சுற்றிப் பறக்குமே, அந்தப் பொடி ஈ. அதற்கு மூளை என்று ஒன்று இருப்பதே எனக்குப் புதுச் செய்தி. மேற்கொண்டு கேட்டால் வளர்சிதை மாற்றம் என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

விஷயம் அதோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். என் சகலைக்குப் போன வருடம் மூளையில் க்ளையோமா என்ற கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. அன்றிலிருந்து குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரே உபதேசம்: "கேன்சருக்குச் சாப்பாடே சர்க்கரைதான், அதை நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும்." மனுஷன் சோறு, பழம், பால் எல்லாவற்றையும் விட்டு எலும்பும் தோலுமாகிவிட்டார். மகளிடம் கேட்டால் "நான் டாக்டர் இல்லப்பா, என்னைக் கேக்காதே" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

அதனால் இங்கே கேட்கிறேன். மனுஷனுக்கு வருகிற கட்டியை ஈயில் வைத்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது? எலி கிடைக்கவில்லையா? கட்டி எதை எரிக்கிறது என்று தெரிந்ததா, அது சர்க்கரைதானா? அப்புறம், ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ராத்திரி பத்து மணிக்கும் ஈயைப் பார்க்க லேபுக்கு ஓடுகிறாளே, அது நிஜமாகவே தேவைதானா? இந்தக் கடைசிக் கேள்வி அவள் அம்மாவுடையது.

அல்சூர் மணி

சேகர் அண்ணே, சீசனில் எங்கள் வீட்டு மாம்பழக் கூடைக்கு வரச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். எனக்குப் பதில் தெரியாது. தெரிந்தவர் வரும்வரை திரி மேலேயே இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

யலஹங்கா கண்ணம்மா

சேகர் சார், என் பிஎச்டி முழுக்கப் பழ ஈயின் லார்வா (ஈயாவதற்கு முந்தைய புழுப் பருவம்) மூளையில்தான். இப்போது ஒயிட்ஃபீல்டில் கம்பெனி வேலை. இந்தத் திரியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. நீளமாகத்தான் வரும்.

வீட்டம்மா கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். ஆமாம், தேவைதான். பெண் ஈ தன் கூட்டுப்புழுக் கூட்டிலிருந்து வெளியே வந்த பிறகு ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆணைச் சேர்க்காது. அதற்குள் அதைப் பிரித்துத் தனிக் குப்பியில் போட்டாக வேண்டும். லேபில் இதை வர்ஜின் எடுப்பது என்போம். தவறவிட்டால், ஒரு தடவை சேர்ந்த பெண் ஈ விந்தை உடம்புக்குள் சேமித்து வைத்துக்கொண்டு நாள்கணக்கில் முட்டையிடும். அப்புறம் நாம் பார்த்து வைத்த ஆணோடு விட்டாலும் பிள்ளைகளின் தகப்பன் யாரென்று சொல்ல முடியாது. அதனால்தான் காலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை, ஞாயிறு தீபாவளி எதுவும் கிடையாது. 18 டிகிரி பெட்டியில் குப்பிகளை வைத்தால் ஈ மெதுவாக வளரும், கொஞ்சம் அதிகம் தூங்கலாம். உங்கள் மகளுக்கு அந்தப் பெட்டியில் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. எல்லா லேபிலும் சண்டை வருவது அந்த இடத்துக்குத்தான்.

ஏன் இந்தச் சுத்தம் என்றால், எங்கள் தொழிலே ஜோடி சேர்ப்பதில் இருக்கிறது. தாயிடம் கேல்4 என்ற ஈஸ்ட் புரதம், குறிப்பிட்ட ஒரு வகைச் செல்லில் மட்டும் உருவாகும்படி வைத்திருப்போம். தகப்பனிடம் ஒரு மரபணு, கேல்4 இருக்கும் இடத்தில் மட்டும் வேலை செய்யும்படி. பிள்ளையில் இரண்டும் சேர்ந்தால், மற்ற செல்களைத் தொடாமல் அந்தச் செல்லில் மட்டும் எதை வேண்டுமானாலும் முடுக்கலாம், அணைக்கலாம். 1993-இல் ஆண்ட்ரியா பிராண்டும் நார்பர்ட் பெரிமானும் வெளியிட்ட உத்தி இது. இதோடு வெப்பத்துக்குக் கட்டுப்படும் இன்னொரு புரதத்தையும் சேர்த்தால் 18 டிகிரியில் அணைந்திருக்கும், 29 டிகிரியில் ஓடும். கட்டி எந்த வயதில் ஆரம்பிக்க வேண்டும் என்பதைக்கூடப் பெட்டியை மாற்றி வைத்தே தீர்மானிக்கலாம். எலியிலும் இதெல்லாம் நடக்கும், ஆனால் மாதக்கணக்கில், லட்சக்கணக்கில். ஈ 25 டிகிரியில் பத்து நாளில் முட்டையிலிருந்து ஈயாகிவிடும். நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க எலியோடு உட்கார்ந்தால் ஒரு பிஎச்டி போதாது.

மூளையா? தாராளமாக இருக்கிறது. 2024-இல் ஒரு பெண் ஈயின் முழு மூளை வரைபடமே வெளியானது: 1,39,255 நரம்பு செல்கள். நமக்குச் சுமார் 8,600 கோடி. ஏணி வைத்தாலும் எட்டாதுதான். ஆனால் மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் சுமார் முக்கால் பங்குக்கு ஈயிடம் இணை உண்டு.

கட்டியை வர வைக்க, அதிகம் புழங்கும் வழி பிராட் என்ற மரபணுவை அணைப்பது. லார்வா மூளையில் நரம்பு மூலசெல்கள் இருக்கின்றன. ஒரு மூலசெல் பிரிந்தால் ஒரு மகள் மூலசெல்லாகவே தங்கும், மற்றவள் நரம்பாகும் பாதையில் போவாள். பிராட் இல்லையென்றால் அந்த இரண்டாமவளும் திரும்பி வந்து மூலசெல்லாகிவிடுகிறாள். இதற்கு இடம் கொடுக்கும் வகை மூலசெல் மூளையின் ஒரு பக்கத்துக்கு எட்டுதான். அந்த எட்டிலிருந்து மூளையே உப்பிப்போகும். அதில் ஒரு துண்டை எடுத்து வளர்ந்த ஈயின் வயிற்றில் வைத்தால் அங்கேயும் பெருகும், அதிலிருந்து இன்னொரு ஈக்கும் மாற்றலாம். நிற்கவே நிற்காது. மனிதனில் பிராட்டுக்கு உறவான ட்ரிம்3 என்ற மரபணு க்ளையோபிளாஸ்டோமா (க்ளையோமாவில் மோசமான வகை) கட்டிகளில் குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் சகலைக்கு வந்தது போன்றவற்றுக்கு இன்னும் நெருக்கமான மாதிரியும் உண்டு. நரம்புகளைத் தாங்கி ஊட்டும் கிளியா செல்களில் செல்லை வளரச் சொல்லும் ஈஜிஎஃப்ஆர், பிஐ3கே என்ற இரண்டு சமிக்ஞைப் பாதைகளையும் சேர்த்து முடுக்கினால் ஈக்கு க்ளையோமா போன்ற கட்டி வருகிறது. ரெனே ரீடும் சகாக்களும் 2009-இல் காட்டினார்கள். மனித க்ளையோபிளாஸ்டோமாவில் அடிக்கடி கெட்டுப்போவதும் இதே பாதைகள்தான்.

சரி, எரிபொருளுக்கு வருகிறேன். உங்கள் மகள் வளர்சிதை மாற்றம் என்றது இதைத்தான்: செல் சாப்பாட்டை எப்படிச் சக்தியாகவும் உடம்பாகவும் மாற்றுகிறது என்பது. குளுக்கோஸ் கையில் கிடைத்த செல்லுக்கு இரண்டு வழி. பாதியில் உடைத்து லாக்டேட்டாக வெளியே தள்ளலாம்: வேகம் அதிகம், சக்தி குறைவு. இல்லையென்றால் செல்லுக்குள் அடுப்பு போல இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்பி ஆக்சிஜனோடு முழுக்க எரிக்கலாம். புற்றுச் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதே முதல் வழியில் குளுக்கோஸை அள்ளி விழுங்குகின்றன என்று ஓட்டோ வார்பர்க் 1920-களில் கவனித்தார். உங்கள் வாட்ஸப் உபதேசத்துக்குப் பூர்வீகம் அங்கேதான். வருகிற வழியில் பாதி உதிர்ந்துவிட்டது.

ஈயின் மூளைக்கட்டியில் பார்த்தால் கதை வேறு. 2020-இல் வியன்னாவில் யூர்கன் நோப்லிக்கின் குழு, பிராட் கட்டியில் வேகமாகப் பெருகும் செல்கள் ஆக்சிஜன் வழியைத்தான் தூக்கலாக ஓட்டுகின்றன என்று காட்டியது. அபார்ட்மெண்டில் ஒரே ஒரு வீட்டுக்குப் போகும் கேஸ் குழாயை மட்டும் மூடுவது போல, ஈ உயிரோடு இருக்கும்போதே கட்டிச் செல்லில் மட்டும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். கட்டி எழும்பவே இல்லை, செல்கள் உறங்கிப்போயின. அவற்றின் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று இணைவதைத் தடுத்தாலும் அதே முடிவு. காரணம் வெறும் சக்தி குறைந்தது அல்லவாம். ஆக்சிஜன் வழி ஓடினால்தான் என்ஏடி என்ற மூலக்கூறு புதுப்பிக்கப்படும், அது தீர்ந்தால் செல்லால் சாகாவரம் பெற்ற கட்டிச் செல்லாக மாற முடியவில்லை.

இதில் ஒரு பிணக்கு உண்டு, எனக்குப் பிடித்த இடமும் அதுதான். ஆரோக்கியமான மூலசெல்லுக்கு அந்த ஆக்சிஜன் வழி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றது வியன்னா. அதற்கு முந்தைய ஆண்டு கேம்பிரிட்ஜில் ஆண்ட்ரியா பிராண்டின் ஆய்வுக்கூடம் (மேலே சொன்ன அதே பிராண்ட்) சாதாரண மூலசெல்லும் அது இல்லாமல் பிரிவதில் மந்தமாகிறது என்று எழுதியிருந்தது. மருந்து யோசிப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கட்டியை மட்டும் அடிக்க இடைவெளி இருக்கிறதா என்பதே அதில்தான் தொங்குகிறது. எந்தப் புரதத்தை, எந்த வயதில், எவ்வளவு அணைத்தார்கள் என்பதைப் பொறுத்து இரண்டும் சரியாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

சர்க்கரையை நிறுத்தும் யோசனைக்கும் லார்வா ஒரு பதில் வைத்திருக்கிறது. 2011-இல் லண்டனில் அலெக்ஸ் கூல்டின் ஆய்வுக்கூடம் லார்வாக்களைப் பட்டினி போட்டது. உடம்பு வளர்வது நின்றது. மூளையின் மூலசெல்கள் மட்டும் கிட்டத்தட்ட வழக்கம்போலவே வளர்ந்துகொண்டிருந்தன. பக்கத்திலிருக்கும் கிளியா செல்கள் அனுப்பும் ஒரு சமிக்ஞை அவற்றைக் காப்பாற்றுகிறது. உடம்பு எதை விட்டுக்கொடுத்தாலும் மூளைக்குப் பங்கு கொடுத்துவிடும். மனிதனிலும் நீங்கள் சர்க்கரை, சோறு எல்லாவற்றையும் விட்டால் ஈரல் தசையிலிருந்துகூடக் குளுக்கோஸ் செய்து ரத்தத்தில் விடும். மெலிவது சகலைதான், சார்.

மாவுச்சத்தை அறவே குறைத்துக் கொழுப்பை ஏற்றும் கீட்டோ உணவை மூளைக்கட்டி நோயாளிகளிடம் மருத்துவர் மேற்பார்வையில் சோதித்திருக்கிறார்கள். ஆயுளை நீட்டிக்கிறது என்று நிரூபணம் ஆகவில்லை. வாட்ஸப் பார்த்து வீட்டில் தானாகச் செய்கிற விஷயமே இல்லை அது.

ஈயை வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஈக்கு மூடிய ரத்தக்குழாய் கிடையாது, அதனால் கட்டி தனக்குப் புதுக் குழாய் இழுத்துக்கொள்வதைப் பார்க்க முடியாது. நம்மைப் போல நோயை நினைவில் வைத்துக்கொள்ளும் எதிர்ப்புச் செல்கள் இல்லை. அதன் உடல்திரவத்தில் ஓடும் முக்கியச் சர்க்கரையே நம்மைப் போலக் குளுக்கோஸ் இல்லை, ட்ரெஹலோஸ் என்ற வேறொன்று. சாப்பாட்டிலும் தொல்லை: சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் போட்டுக் காய்ச்சி, பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் புரோபியோனிக் அமிலம் ஊற்றுவோம் (மகளின் துணியில் புளித்த வாடை வந்தால் அதுதான்). ஈஸ்ட் மூட்டை மாறினால் லார்வா வளரும் வேகமே மாறும். வளர்சிதை மாற்றம் பார்ப்பவர்களுக்கு இது தலைவலி. அதற்காகவே ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் எடை போட்டுச் சேர்க்கும் செயற்கை உணவு ஒன்று 2014-இல் வந்தது. விலையைக் கேட்டால் உங்கள் மகளின் மேலதிகாரி மயங்கிவிடுவார்.

ஸ்கேன்ரூம் பிரபு

பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் பெட் ஸ்கேன் எடுக்கும் வேலை எனக்கு. சர்க்கரை கேள்வியை நான் தினம் கேட்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. அந்த ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸைத்தான் ஊசியில் போடுகிறோம். கட்டி பளிச்சென்று தெரிவதைப் பார்த்த உறவினர்கள் "பார்த்தீங்களா, சர்க்கரையைத் தின்னுது" என்று வீட்டுக்குப் போய் இனிப்பு டப்பாவைப் பூட்டிவிடுகிறார்கள். மூளையில் அந்தக் கணக்கே செல்லாது. உடம்பு எடையில் 2 சதவீதம் இருக்கும் மூளை சக்தியில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஆரோக்கியமான மூளையே படத்தில் வெளிச்சமாக இருக்கும், கட்டியைப் பிரித்துப் பார்க்கத்தான் சிரமம்.

இன்னொன்று. மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் ரத்தச் சர்க்கரை ஏறும். டாக்டர் "சுகரைப் பார்த்துக்கோங்க" என்று சொல்வது அதற்காக. அதைத்தான் பல பேர் பட்டினி என்று புரிந்துகொள்கிறார்கள்.

ஆனால் கண்ணம்மா மேடம், கோபப்படாதீர்கள், எனக்கு ஒரு மனக்குறை உண்டு. க்ளையோபிளாஸ்டோமாவுக்கு ஆபரேஷன், கதிர்வீச்சு, கூடவே டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை என்று 2005-இல் வந்ததுதான் இன்றைக்கும் அடிப்படை. அந்த ஆய்வில் இடைநிலை (மீடியன்) ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. ஈ, எலி என்று இத்தனை கட்டுரை வருகிறதே, என் டேபிளில் படுப்பவருக்கு என்ன வந்தது? (சேகர் சார், பயப்படாதீர்கள். க்ளையோமாவில் பல வகை உண்டு, இது மோசமான வகையின் கணக்கு.)

யலஹங்கா கண்ணம்மா

கோபமெல்லாம் இல்லை பிரபு. ஈயிலிருந்து நேராக வந்த மூளைக்கட்டி மருந்து எதையும் என்னால் காட்ட முடியாது. வளர்சிதை மாற்றத்தைக் குறிவைத்து உருப்படியாக வந்தது வோராசிடெனிப் என்ற மாத்திரை. 2008-இல் மனிதக் கட்டிகளின் மரபணுக்களை வரிசையாகப் படித்தபோது ஐடிஎச்1 என்ற நொதியில் பிழை தென்பட்டது. அந்தப் பிழையால் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற பொருள் செல்லில் குவிகிறது. அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. இதைக் கண்டுபிடித்த பெருமை ஈக்குப் போகாது.

ஈ எங்கே உதவும் என்பதற்குத் தோற்றுப்போன மருந்து ஒன்றைத்தான் சொல்வேன். ஐஏசிஎஸ்-010759 என்ற அந்த மருந்து மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கூட்டுப்புரதத்தை அடைக்கும். ஆக்சிஜன் வழியை நம்பும் புற்றுக்கு அருமையாக வேலை செய்ய வேண்டும், எலியில் நன்றாகத்தான் இருந்தது. மனிதர்களிடம் கொடுத்தபோது ரத்தத்தில் லாக்டேட் ஏறியது, நரம்பு பாதிக்கப்பட்டது, சோதனையை நிறுத்திவிட்டார்கள். 2023-இல் முடிவு வெளியானது. உடம்பு முழுக்க ஒரே அடியாக மூடினால் நரம்பும்தானே மூச்சுத் திணறும். ஈயில் கட்டியில் மட்டும் மூடலாம், அப்புறம் நரம்பில் மட்டும் மூடலாம், எது முதலில் விழுகிறது என்று ஒப்பிடலாம். நரம்பு தாங்கி, கட்டி தாங்காத புரதம் ஒன்று சிக்கினால் அதை எலிக்கும் மனிதக் கட்டிச் செல்லுக்கும் கொண்டுபோகலாம். சேகர் சாரின் மகள் செய்வது இப்படிச் சலித்தெடுக்கும் வேலையாகத்தான் இருக்கும். பெரும்பாலும் உமிதான் மிஞ்சும்.

பீன்யா சேகர்

எல்லோருக்கும் நன்றி. கண்ணம்மா மேடம் எழுதியதை என் மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், ராத்திரிப் பயணப் பிரச்சினை தற்காலிகமாக ஓய்ந்தது. சகலை வீட்டுக்கும் பிரபு சார் எழுதியதை அனுப்பிவிட்டேன். அவர் ரிப்போர்ட்டில் ஐடிஎச் மியூட்டன்ட் என்று ஒரு வரி இருக்கிறதாம், நல்லதா கெட்டதா?

இன்னொன்று, மகள் பிஎச்டிக்குப் போகிறேன் என்கிறாள். ஈயை வைத்துச் சோறு கிடைக்குமா? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஸ்கேன்ரூம் பிரபு

பொதுவாக ஐடிஎச் பிழை உள்ள க்ளையோமா, பிழை இல்லாததைவிட மெதுவாகப் போகும். கிரேடு எத்தனை என்பதையும் பாருங்கள். மேடம் சொன்ன மாத்திரை கிரேடு 2 கட்டிகளில், ஆபரேஷன் மட்டும் ஆனவர்களிடம் சோதிக்கப்பட்டது. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள், கூடவே டயட்டீஷியனையும் பார்க்கச் சொல்லுங்கள். எடை இறங்குவதை முதலில் நிறுத்த வேண்டும்.

யலஹங்கா கண்ணம்மா

சோறு கிடைக்கும், நெய் ஊற்றிக் கிடைக்காது. சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்டி ஐந்தாறு வருடம் இழுக்கும். பணம் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாக வரும், அப்போது நீங்கள்தான் கைகொடுக்க வேண்டியிருக்கும்.

ஈ வேலைக்குப் பெங்களூரைவிட நல்ல ஊர் இந்தியாவில் கிடையாது என்பேன். பம்பாயில் டிஐஎஃப்ஆர் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் ஈ ஆராய்ச்சியை வளர்த்த ஒபைத் சித்திக்கி இங்கே வந்து என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். பெல்லாரி சாலையில் ஜிகேவிகே வளாகத்துக்குள் இருக்கிறது. அங்கே ஈ வகைகளைப் பராமரித்துக் கொடுப்பதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. மைசூர் பல்கலைக்கழகத்திலும் ஈ வங்கி உண்டு. அமெரிக்காவின் ப்ளூமிங்டன் வங்கியிலிருந்து குப்பி வரவழைத்தால் சுங்கத்தில் வாரக்கணக்கில் நிற்கும், உள்ளே பாதி செத்திருக்கும். பக்கத்து லேபில் கேட்டு வாங்க முடிகிற ஊரில் இருப்பது பெரிய வசதி.

கம்பெனிக்குத் தாவ நினைத்தால் ஈயோடு கூடவே மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியும் (மூலக்கூறுகளை எடை வைத்து அடையாளம் காணும் உத்தி), கொஞ்சம் பைத்தான் புரோகிராமிங்கும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். எனக்கு இந்த வேலை கிடைத்தது அந்த இரண்டால்தான்.